போட்ட பிரேக்

பிரேக்கைப் போட்டுவிட்டுத்தான் போனோம் என்பதில் றொசானாவுக்கு ஆரம்பத்தில் எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. சந்தேகம் பிறகுதான் வந்தது. வந்த பிறகு லேசில் போகவில்லை.

அவள் வேலை செய்தது ஒரு காற்றாலையில். நுவரெலியா மலையில் பட்டிப்பொலவுக்கு மேலே, வருஷத்தில் பாதி நாள் குடை பிடிக்க முடியாத அளவுக்குக் காற்றடிக்கும் மேட்டில் அது நின்றது. தோட்டத்துப் பெயர்ப்பலகையில் ஏதோ ஓர் ஆங்கிலப் பெயர் எழுதியிருந்தாலும் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் அது காத்தாடித் தோட்டம்தான். குதிரைகளுக்குத் தீனி அரைப்பதற்காக அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டினாராம். துரையும் குதிரைகளும் போய், இறக்கைகளும் உளுத்து விழுந்து, கருங்கல்லால் கட்டிய வட்டக் கோபுரம் மட்டும் உரமூட்டை அடுக்கும் இடமாகக் கிடந்தது. பெரிய பங்களாவை எடுத்து ஹோட்டலாக்கிய கம்பெனிதான் அதற்கு உயிர் கொடுத்தது. கொழும்பிலிருந்து சுதாகரன் என்ற எஞ்சினியர் வந்து, பழைய படங்களைப் பார்த்துப் பார்த்து, நாலு இறக்கைகளையும் உள்ளே இருக்கும் மரச்சக்கரங்களையும் புதிதாகச் செய்து மாட்டினார். அரைக்கிற கற்கள் இரண்டு மட்டும் பழையவை.

இறக்கைகளில் படங்குத் துணியை விரித்துக் கட்டினால் காற்று அவற்றைச் சுற்றும். அந்தச் சுற்று, சக்கரத்துக்குச் சக்கரம் கைமாறி, கோபுரத்துக்குள் மேல்கல்லில் வந்து முடியும். பெட்டியில் கொட்டிய குரக்கன் தானியம் இரண்டு கற்களுக்கும் நடுவே விழுந்து, விளிம்பு வழியாக மாவாக வெளியே வரும். அந்த மாவில் சுட்ட ரொட்டியையும் மிளகாயில் இடித்த கட்டைச் சம்பலையும்தான் ஹோட்டலில் காலைச் சாப்பாட்டுக்கு வைத்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் படம் எடுத்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

றொசானா அதற்கு முன்னால் நுவரெலியா டவுனில் மிளகாய் அரைக்கும் மில் ஒன்றில் பல வருஷம் வேலை செய்தவள். கல் சூடானால் மாவின் வாசம் மாறும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் மனேஜர் மிலான் அவளையே காற்றாலைக்கு எடுத்தார். சுதாகரன் பக்கத்தில் நின்று பழக்கினார். எல்லாம் சீக்கிரம் பிடிபட்டது, பிரேக்கைத் தவிர.

கோபுரத்தின் தலையில் தொப்பி மாதிரி ஒரு மரக்கூரை உண்டு. அதற்குள் இறக்கைகளோடு சேர்ந்து சுற்றும் பெரிய சக்கரம். அந்தச் சக்கரத்தைச் சுற்றிக் கட்டியதுபோல மரக்கட்டைகளால் ஆன ஒரு பட்டி. பாரமான தடி ஒன்று கீழே இறங்கினால் பட்டி இறுகிச் சக்கரம் நிற்கும். தடி மேலே ஏறினால் பட்டி தளரும், சக்கரம் ஓடும். தடியிலிருந்து ஒரு கயிறு வெளியே தரைவரைக்கும் தொங்கியது. கயிற்றை ஒருதரம் இழுத்துவிட்டால் தடி மேலே போய்க் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். இன்னொரு தரம் இழுத்துவிட்டால் கொக்கியிலிருந்து கழன்று கீழே வந்துவிடும்.

“ஒரே கயிறுதானுங்களே சேர். ஒருவாட்டி இழுத்தா ஓடுது, மறுவாட்டி இழுத்தா நிக்குது. எந்த வாட்டின்னு எப்பிடிங்க தெரியும்?” என்று அவள் கேட்டாள்.

“கயித்தப் பாக்காதீங்க. மேல தடியப் பாருங்க. கீழ கெடந்தா பிரேக் விழுந்திருக்கு. அவ்வளவுதான்.”

அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அவள் கயிற்றை இழுத்துவிட்டு அண்ணாந்து பார்ப்பாள். அது சிலுவை போட்டுக்கொள்வதுபோலப் பழக்கமாகிவிட்டது.

தொப்பியைக் காற்று வரும் பக்கம் திருப்புவதற்கு வேறொரு மரம் இருந்தது. கோபுரத்தின் பின்புறம் வால்மாதிரி தரைவரை சாய்ந்து இறங்கும். அதைத் தள்ளிக்கொண்டு நடந்தால் தொப்பியும் இறக்கைகளும் சேர்ந்து திரும்பும். ஆனால் காற்றாலை ஓடத் தொடங்கிய ஜூனிலிருந்து காற்று ஒரே பக்கமாகத்தான் வந்தது. அந்தப் பக்கம் பார்த்து நின்றால் இறக்கைகள் பங்களாப் புல்தரைக்கு நேரே வரும், படம் எடுக்க அழகாக இருக்கும். வருகிறவர்கள் விளையாட்டாக வால்மரத்தைத் தள்ளிப் பார்த்ததால், மிலான் அதை ஒரு தூணோடு சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார். ஒருவரும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சம்பவம் நடந்தது. காலையில் மெல்லிய காற்று. றொசானா கொஞ்சம் குரக்கன் அரைத்தாள். பகல் சாப்பாட்டுக்கு நிறுத்தலாம் என்று இருந்தபோது போன் அடித்தது. பக்கத்து வீட்டுப் பெண்.

“றொசானாக்கா, ஒங்கம்மாவக் காணோம். கதவு தெறந்து கெடக்கு.”

அம்மா டோரீன் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தவள். கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் பிள்ளைகளை முப்பது வருஷம் வளர்த்துவிட்டவள். போன வருஷத்திலிருந்து ஞாபகம் நழுவத் தொடங்கியிருந்தது. தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டுவிடுவாள். சாவியை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டு வீடு முழுக்கத் தேடுவாள். மருமகன் வந்துபோன அரைமணி நேரத்தில், “சிறில் இன்னும் வரலியா?” என்பாள்.

றொசானா கயிற்றை இழுத்துவிட்டாள். அண்ணாந்து பார்த்தாள். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினாள். படங்கைச் சுருட்டவில்லை. விருந்தாளிகள் படம் எடுப்பதற்காக அதை விரித்தபடியே விடச் சொல்லி மிலான் எப்போதோ சொல்லியிருந்தார்.

அம்மா பழைய பிள்ளைக்காம்பராப் படியில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு கப். “பால் குடுக்குற நேரமாச்சி. ஒரு புள்ளையையும் காணோமே,” என்றாள். கட்டடம் பூட்டிக் கிடந்தது. றொசானா அவளைக் கைபிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்து, சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது கூரைத்தகரம் படபடவென்று அடித்தது. கொஞ்சத்தில் மேட்டிலிருந்து ஆட்கள் கத்துவது கேட்டது.

அவள் போய்ச் சேர்ந்தபோது இறக்கைகள் நின்றிருந்தன. மிலான் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளிறிப்போய் நின்றார். தோட்டக்காரர் செல்லசாமி புல்லில் கிடந்தார். கோபுரத்துக்குள்ளிருந்து பட்டாசு வெடித்த மாதிரி வாசம் வந்தது. பெட்டியில் தானியம் தீர்ந்து, கல்லோடு கல் உரசி, தீப்பொறி பறந்திருக்கிறது. மாவுச்சாக்கு ஒன்றின் வாய் கருகிப் போயிருந்தது.

செல்லசாமிக்குத் தோளில் காறை எலும்பு முறிந்துவிட்டது. நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காற்றாலையைச் சுற்றிப் போட்ட வேலிக்கு உள்ளே சாத்தி வைத்திருந்த புல்வெட்டும் மெசினை எடுக்கப் போயிருக்கிறார். இறக்கை வந்து அடித்துவிட்டது.

மறுநாள் றொசானா பார்க்கப் போனபோது அவர் கட்டிலில் சாய்ந்துகொண்டு ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

“நான் எறக்க மேல ஏறுற பக்கந்தான் நின்னேன், புள்ள. எறங்குற பக்கம் நிக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? ஏறுற பக்கத்துல நின்ன என் தோள்ல மேலேருந்து வந்து எப்பிடி எறங்குச்சி?”

பக்கத்திலிருந்த அவர் மனைவி கண்ணைக் காட்டினாள். வெளியே வந்ததும், “அடிபட்டதுல அவருக்கு எடம் வலமே மறந்துபோச்சி. ராத்திரி என்னையே யாருன்னு கேட்டாரு,” என்றாள்.

மிலான் நல்ல மனுஷன். அவளைத் திட்டவில்லை. ஒஃபீசில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நடந்ததைச் சொன்னார். “இறக்கை பேய் மாதிரி சுத்திச்சு. நான் ஓடிப்போய் கயித்த இழுத்தேன். பிறகு நின்னுது.”

“எத்தன வாட்டி இழுத்தீங்க சேர்?”

“மூணு... நாலா இருக்கும். தெரியல்ல.”

“மேல தடி எப்பிடி இருந்துச்சி? நீங்க வந்தப்ப?”

“தடியப் பாக்கணும்னு எனக்குத் தோணவேயில்ல, றொசானா. நிக்கணும், அதுதான் மனசுல இருந்துச்சு.”

கடைசி இழுப்பில் பிரேக் விழுந்திருக்க வேண்டும். அப்படியானால், மூன்று தரம் இழுத்திருந்தால் அவள் பிரேக் போடவில்லை. நாலு தரம் இழுத்திருந்தால் போட்டிருந்தாள். ஆனால் போட்டிருந்தால் ஓடியது எப்படி? அந்தக் கேள்வியில் போய் இரண்டு பேரும் நின்றார்கள். அதற்குமேல் பாதை இல்லை.

“எஞ்சினியர் வந்து பாக்கிற வரைக்கும் நீங்க லோண்டரியில நில்லுங்க. இது தண்டனை இல்ல,” என்றார் மிலான்.

லோண்டரியில் கட்டில்விரிப்புகளை மடித்துக்கொண்டே றொசானா அந்தப் பகலை மனதுக்குள் ஓட்டினாள். கயிறு கையில் ஈரமாக, சில்லென்று இருந்தது ஞாபகம் இருந்தது. ஆனால் கயிறு எல்லா நாளும்தானே ஈரமாக, சில்லென்று இருக்கும்? அண்ணாந்து பார்த்தது ஞாபகம் இருந்தது. அது சனிக்கிழமை பார்த்ததாக இருந்தால்? தினமும் ஒரே மாதிரி செய்கிற காரியத்தில் ஒரு நாளை மட்டும் எப்படிப் பிரித்து எடுப்பது?

அவளுடைய கணவன் சிறில் மரக்கறி லொறி ஓட்டுகிறவன். வாரத்தில் நாலு நாள் ரோட்டில்தான். வீட்டுக்கு வந்தவன் எல்லாம் கேட்டுவிட்டு, “நீ போட்டிருப்ப. நீ மறக்குற ஆளா?” என்றான். நிம்மதியாக இருந்தது. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, “ஆனா அந்த நேரம் அம்மாவக் காணோம்னு பதறிக்கிட்டு இருந்தியே,” என்றான். அந்த ஒரு ‘ஆனா’வில் நிம்மதி முழுக்கப் போய்விட்டது.

உள்ளே அம்மா யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தாள்: “நான் சாப்பிட்டேனா?”

றொசானாவுக்கு முப்பத்தாறு வயது. அம்மாவுக்கு இது அறுபதுக்கு மேல்தான் வந்தது. என்றாலும் அன்றிலிருந்து அவள் தன்னையே வேவு பார்க்கத் தொடங்கினாள். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்ப வந்து பார்த்தாள். கதவைப் பூட்டிவிட்டு ஒழுங்கையில் பாதி தூரம் போனவள் திரும்பி வந்து இழுத்துப் பார்த்தாள். பூட்டித்தான் இருந்தது. அது ஆறுதலாக இருக்கவில்லை. பூட்டியது ஞாபகம் இல்லையே என்ற பயம்தான் வந்தது.

சில நாள் போனதும் இன்னொன்று நடந்தது. துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஒரு காட்சி கண்முன் வந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு அவள் கோபுரத்திலிருந்து வெளியே வருகிறாள். இடது பக்கம் கயிறு சும்மா ஆடிக்கொண்டிருக்கிறது. அவள் அதைத் தொடாமல் தாண்டிப் போகிறாள். வெயில் எந்தப் பக்கம் விழுந்தது என்றுகூடத் தெரிந்தது. கயிற்றை இழுத்த ஞாபகம் எவ்வளவு துல்லியமோ, இதுவும் அவ்வளவு துல்லியம். ஒரே பகலுக்கு இரண்டு ஞாபகம். இரண்டிலும் அவள் இருந்தாள். எது நடந்தது, எது நடக்கவில்லை என்று சொல்ல மூன்றாவதாக ஒரு ஆள் அவளுக்குள் இல்லை.

சுதாகரன் வந்தார். காலையிலேயே தொப்பிக்குள் ஏறிப் பட்டியையும் கட்டைகளையும் தட்டிப் பார்த்தார். பிறகு பிரேக்கைப் போட்டுவிட்டு, சமையல்காரர்களையும் வெயிட்டர்களையும் கூப்பிட்டு, ஓர் இறக்கையின் நுனியைப் பிடித்து அது வழக்கமாகச் சுற்றும் பக்கமே இழுக்கச் சொன்னார். நாலு பேர் தொங்கியும் அது அசையவில்லை.

“பிரேக்ல ஒரு பிழையும் இல்ல, மிலான். யானை கட்டி இழுத்தாலும் நிக்கும்,” என்றார். சொல்லிவிட்டு றொசானா நிற்பதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று செல்லசாமியும் கையைக் கழுத்தோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு வந்திருந்தார். எல்லோரும் புல்தரையில் நின்றார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததை றொசானாவால் தாங்க முடியவில்லை. யாராவது ஒரு முடிவு சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது, அது தனக்கு எதிரான முடிவாக இருந்தாலும்.

“நான் போடாமத்தான் போயிருக்கேன், சேர்,” என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. “அம்மாவ நெனச்சிக்கிட்டு ஓடுனேன். கயித்தத் தொடல. எனக்கு இப்ப நல்லா ஞாபகம் வருது. அண்ணே, மன்னிச்சிக்கங்க.”

செல்லசாமி தலையைக் குனிந்துகொண்டார். “சரி விடு, புள்ள,” என்றார். அவருக்கும் அது சங்கடமாகத்தான் இருந்தது. “ஆனா நான் ஏறுற பக்கந்தான் நின்னேன்,” என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்.

விஷயம் முடிந்தது என்று மிலான் எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். சுதாகரன், வந்ததுக்கு ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று படங்கை விரித்து, இருந்த சின்னக் காற்றில் கொஞ்ச நேரம் காற்றாலையை ஓடவிட்டார். பிறகு தன் கையாலேயே கயிற்றை இழுத்துப் பிரேக்கைப் போட்டார். இறக்கைகள் நின்றன. அவர் புல்தரைக்கு வந்து கோப்பையை எடுத்துக்கொண்டார்.

அந்த மாதத்தில் மலையில் காற்றுக்கு ஒரு நிலையில்லை. காலையில் ஒரு பக்கமிருந்து வரும், பகலில் இன்னொரு பக்கமிருந்து. பங்களாவின் சமையலறைப் புகை அதுவரை தேயிலைப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. சட்டென்று நிமிர்ந்து, மறுபக்கம் மடிந்தது. மேசையிலிருந்த பேப்பர் துண்டுகள் பறந்தன. காற்றாலைக்குப் பின்னால், தேயிலைச் சரிவிலிருந்து காற்று ஏறி வந்தது.

இறக்கைகள் ஒருதரம் நடுங்கின. மரம் முனகுகிற சத்தம் கேட்டது. பிறகு அவை நகர்ந்தன.

எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இறக்கைகள் மெதுவாக, அப்புறம் கொஞ்சம் வேகமாக, அப்புறம் காற்றுக்கு ஏற்ற வேகத்தில் சுற்றத் தொடங்கின.

“நான் பிரேக் போட்டேனே,” என்றார் சுதாகரன். கோப்பை கையில் சரிந்து தேத்தண்ணி சப்பாத்தில் ஊற்றியது. அவர் றொசானாவைப் பார்த்தார். “போட்டேன்தானே? நீங்க பாத்தீங்கதானே?”

அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இத்தனை நாளாகக் கண்ணாடியில் அவள் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். தடி கீழே கிடந்தது.

“போட்டுத்தான் இருக்கு, சேர்.”

மிலான் அதற்குள் கயிற்றை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். “கயித்தத் தொடாதீங்க!” என்று றொசானா கத்தினாள். “இழுத்தா இருக்குற பிரேக்கும் போயிரும்!” மிலான் நெருப்பைத் தொட்டவர்போலக் கையை இழுத்துக்கொண்டார்.

செல்லசாமி நல்ல கையை நீட்டிக் காட்டினார். “பாருங்க! பாருங்க! பின்பக்கமாச் சுத்துது! ஏறுற பக்கம் எறங்குது, பாருங்க!”

அப்போதுதான் எல்லோர் கண்ணிலும் அது பட்டது. காற்றாலை தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. காற்று முதுகுப் பக்கமிருந்து அடித்ததால் இறக்கைகள் எதிர்த்திசையில் ஓடின.

“தொப்பியத் திருப்பணும்! வால்மரம்! சாவி எங்க?” என்று சுதாகரன் ஓடினார். சங்கிலியின் சாவி மிலானின் மேசை லாச்சியில் இருந்தது, அல்லது ரிசெப்ஷனில் இருந்தது, அல்லது வேறெங்கோ இருந்தது. மிலானுக்கு ஞாபகம் வரவில்லை. செல்லசாமி தன் கொட்டிலைக் காட்டி, “அலவாங்கு! உள்ள சாத்தியிருக்கு!” என்றார். ஒரு வெயிட்டர் ஓடி அதை எடுத்து வந்தார். சங்கிலிக்குள் விட்டு நெம்பியதில் தூணே பிடுங்கிக்கொண்டு வந்தது.

பிறகு அத்தனை பேரும் வால்மரத்தில் சாய்ந்து தள்ளினார்கள். மிலான், சுதாகரன், சமையல்காரர்கள், றொசானா. உள்ளேயிருந்து கல்லோடு கல் உரசும் வாசம் வரத் தொடங்கியிருந்தது. தலைக்குமேலே தொப்பி கிறீச்சிட்டுத் திரும்பியது. காற்று இறக்கைகளின் விளிம்பில் பட்டுப் பிடிப்பில்லாமல் வழுக்கிப் போனது. சுற்று தளர்ந்தது. கடைசியில் ஓர் இறக்கை பாதிவழியில் தயங்கி, கொஞ்சம் முன்னும் பின்னும் ஆடி நின்றது.

சுதாகரன் புல்லில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

“அந்தப் பட்டி ஒரு பக்கம்தான் பிடிக்கும்,” என்றார், பாதி தனக்கே சொல்வதுபோல. “புல்லுக்கட்டுக் கயிறு மாதிரி. ஒரு பக்கம் இழுத்தா இறுகும், மத்தப் பக்கம் இழுத்தா தளரும். சக்கரம் நேராச் சுத்தப் பாத்தா அதுவே பட்டிய இறுக்கிக்கும். பின்னால சுத்தினா அதுவே தளத்திவிட்டுரும். அன்னைக்கு நின்னது காத்து விழுந்ததாலதான் இருக்கும். நான் படிச்சிருக்கேன். ஆனா காலையில நாலு பேர நேர்பக்கம்தானே இழுக்கச் சொன்னேன். மத்தப் பக்கம் இழுத்துப் பாக்கணும்னு எனக்குத் தோணல்லையே.”

“நாந்தான் வால்மரத்தைப் பூட்டினேன்,” என்றார் மிலான்.

“நான் பூட்டக் கூடாதுன்னு சொல்லல்லையே,” என்றார் சுதாகரன்.

இரண்டு பேரும் மாறி மாறித் தங்கள் பிழைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். றொசானா கேட்டுக்கொண்டு நின்றாள். தன்மேல் பிழை இல்லை என்பது அவளுக்கு விளங்கியது. ஆனால் சந்தோஷம் வரும் என்று காத்திருந்த இடத்தில் தலைச்சுற்றுதான் வந்தது. அப்படியானால் அன்று அவள் பிரேக்கைப் போட்டிருக்கிறாள். அப்படியானால் கயிற்றைத் தொடாமல் தாண்டிப்போன அந்த றொசானா யார்? சற்று முன்னால் இத்தனை பேர் முன்னிலையில், “நல்லா ஞாபகம் வருது” என்று சொன்னாளே, அது பொய்யும் இல்லை. உண்மையிலேயே ஞாபகம் வந்தது.

செல்லசாமி அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

“என்ன புள்ள இது? நீ கேட்ட மன்னிப்ப இப்ப நான் என்னா செய்ய? திருப்பித் தரணுமா?”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “வச்சிக்கங்கண்ணே. எப்பவாச்சும் தேவப்படும்,” என்றாள்.

அடுத்த வாரமே அவளைக் காற்றாலைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். சுதாகரன் இறக்கையின் நுனியை நிலத்தோடு கட்டிவைக்க ஒரு கொக்கி போட்டுக் கொடுத்தார். நிறுத்தினால் படங்கைச் சுருட்டியே ஆகவேண்டும் என்று மிலான் எல்லோருக்கும் சொன்னார். செல்லசாமியின் ஆஸ்பத்திரிப் போக்குவரத்தை ஹோட்டல் ஏற்றுக்கொண்டது. டிசம்பரில் காற்று ஒரேயடியாகப் பக்கம் மாறியது. இறக்கைகள் தேயிலைச் சரிவைப் பார்த்துத் திரும்பின. புல்தரையில் நின்று படமெடுத்தவர்களுக்குக் காற்றாலையின் முதுகுதான் கிடைத்தது. சிலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். மாவு நன்றாக வந்தது.

கயிற்றைத் தொடாமல் தாண்டிப்போன அந்தக் காட்சியைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவை நுவரெலியாவில் கிளினிக்குக்குக் கூட்டிப்போனபோது, டொக்டரிடம் கேட்கலாமா என்று வாய்வரைக்கும் வந்தது. டொக்டர் அம்மாவிடம் இன்று என்ன கிழமை என்று கேட்டார். அம்மா சிரித்துக்கொண்டே றொசானாவைக் காட்டி, “அத அவ பாத்துக்குவா,” என்றாள். றொசானா தன் கேள்வியை விழுங்கிவிட்டாள்.

திரும்பி வரும்போது சிறிலின் லொறியில் வந்தார்கள். அம்மா ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். மழைத்தூறல். லொறி பள்ளத்தில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது றொசானா சொன்னாள், இரண்டு ஞாபகத்தையும். கயிற்றை இழுத்தது, இழுக்காமல் போனது. நடக்காத ஒன்று தனக்கு இன்னும் அப்படியே தெரிகிறது என்று. “பைத்தியம் புடிக்கப் போகுதா? இல்லாட்டி அம்மா மாதிரியா?”

சிறில் வைப்பரைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டான்.

“நான் கொழும்புல இருந்து வாறப்ப,” என்றான், “சில நாள் கினிகத்தேனைய எப்ப தாண்டுனேன்னே தெரியாது. கடைகண்ணி, வளைவு, ஒண்ணும் ஞாபகம் இருக்காது. ஹட்டன்ல வந்து நிக்கிறப்பதான், அட, கினிகத்தேனை போயிருச்சான்னு நெனப்பேன்.”

றொசானா திடுக்கிட்டு அவன் பக்கம் திரும்பினாள். “தூங்கிக்கிட்டா ஓட்டுற?”

“தூங்கலடி. நல்லாத்தான் ஓட்டியிருக்கேன். பிரேக் போட்டிருக்கேன், ஹோன் அடிச்சிருக்கேன், எதிர்ல வந்த பஸ்ஸுக்கு எடம் விட்டிருக்கேன். இல்லாட்டி வந்து சேந்திருப்பேனா? செஞ்சதெல்லாம் செஞ்சிதான் இருக்கேன். ஞாபகந்தான் இல்ல.”

அவள் யோசித்தாள். செய்யாததை ஞாபகம் வைத்திருப்பது ஒன்று. செய்ததை ஞாபகம் இல்லாமலிருப்பது இன்னொன்று. இதில் எது மோசம் என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை. இதைக் கேட்டுத் தனக்கு ஆறுதலா, இல்லை இனிமேல் அவன் ரோட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் பயப்பட வேண்டுமா என்பதும் தெரியவில்லை.

“இதெல்லாம் எங்கிட்ட ஏன் முன்னாடியே சொல்லல?” என்றாள்.

“சொன்னா நீ பயப்படுவன்னுதான்.”

“இப்ப மட்டும்?”

“இப்ப நீ ஏற்கெனவே பயந்துபோய்த்தானே இருக்க,” என்றான் சிறில். கியரை மாற்றி, அடுத்த வளைவுக்கு முன்னால் நீளமாக ஹோன் அடித்தான். அம்மா விழித்துக்கொண்டு, “எங்க போறோம்?” என்று கேட்டாள்.

“வீட்டுக்கும்மா,” என்றார்கள் இரண்டு பேரும்.